எட்டடி ஆழத்தில் கிடைத்த மரம்: உப்பங்கரை மண்ணுக்குள் கட்டை எத்தனை காலம் தாங்கும்?

உப்பனாற்றங்கரை · மே 4

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருதள வீடு கட்டப்போகிறோம். எங்கள் மனை உப்பனாற்றிலிருந்து ஏறக்குறைய 200 மீட்டர் தள்ளி இருக்கிறது. மேலே ஐந்தடிக்கு மணல். அதற்குக் கீழே கன்னங்கரேலென்று களி. செப்டிக் டேங்குக்குக் குழி எடுத்தோம். தண்ணீர் ஊற ஊற மோட்டார் போட்டு இறைத்துக்கொண்டே தோண்டினார்கள். எட்டடியில் ஜேசிபி வாளியில் ஏதோ தட்டியது. பாறை இருக்க வாய்ப்பே இல்லாத மண் இது. இறங்கிக் கையால் சேற்றை விலக்கினால் மரம்! நான்கு முளைகள், ஒரே வரிசையில், இரண்டடிக்கு ஒன்றாக நட்டிருந்தன. ஒவ்வொன்றும் தொடை கனம். மேல் நுனி மட்டும் தேய்ந்த துடைப்பம் மாதிரி நார்நாராக இருந்தது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தோம். அடிநுனியைக் கூராகச் சீவியிருந்தார்கள். மரம் செதுக்கும் வாய்ச்சி விழுந்த ஒவ்வொரு வெட்டும் நேற்று செதுக்கியதுபோல் இருந்தது. அழுகிய முட்டை நாற்றம் வேறு.

மற்ற மூன்றையும் தொடவில்லை. எடுத்த ஒன்றை வெயிலில் காயப் போட்டேன். பத்தே நாளில் பாளம் பாளமாக வெடித்து, சுருங்கி, பாதி கனமாகிவிட்டது. பக்கவாட்டில் ஓர் இரும்பு ஆணி துருப்பிடித்த அடையாளம் இருந்தது. அதைச் சுற்றி மஞ்சளும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்கவில்லை.

இப்போது என் கேள்வி. கட்டுமான மேஸ்திரி சவுக்கு முளை அடித்து, மூன்றடி ஆழத்தில் தலையை விட்டு, அதன்மேல் அஸ்திவாரம் போடலாம், செலவு குறையும் என்கிறார். இன்னொருவர் எந்த மரமானாலும் ஐந்து வருஷத்தில் மக்கிவிடும் என்று அடித்துச் சொல்கிறார். அப்பாவோ, "மண்ணுக்குள்ள கெடந்தா மரம் கல்லாயிடும்டா" என்கிறார். யார் சொல்வது சரி?

துறைமுகத்தார் · மே 4

தம்பி, நான் துறைமுக வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் அப்பா சொல்வதில் பாதி சரி. மரம் பிழைத்துக் கிடந்தது உண்மை, கல்லாகும் என்பதுதான் தவறு. கல்லான மரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் விழுப்புரம் மாவட்டம் திருவக்கரைக்குப் போங்கள். அங்கே கிடப்பவை ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழசு. மரம் இருந்த இடத்தில் சிலிக்கா ஏறி உட்கார்ந்து அதே உருவத்தைப் பிடித்துக்கொண்டது. நீங்கள் எடுத்தது அப்படியல்ல, மரமேதான். அதனால்தான் காய்ந்து வெடித்தது.

மரத்தை மக்க வைப்பது தண்ணீர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மக்க வைப்பது பூஞ்சணம். அதற்குத் தின்ன மரம் வேண்டும், ஈரம் வேண்டும், மூச்சுவிடக் காற்றும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அதால் வாழ முடியாது. களிமண்ணுக்குள் தண்ணீர் நிரம்பி நிற்கும்போது மரத்தின் நுண்துளை எல்லாம் நீர் ஏறிவிடும். அந்தத் தண்ணீரில் கொஞ்சநஞ்சம் இருக்கும் ஆக்சிஜனையும் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் மேல்மட்டத்திலேயே தீர்த்துவிடுகின்றன. கீழே பூஞ்சணத்துக்கு வழியில்லை. ஆக்சிஜன் மிகக் குறைந்த இடத்திலும் வேலை செய்யும் ஒருவகை பாக்டீரியா உண்டு. அது செல் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். ஆனால் அதன் வேகம் நூற்றாண்டுக் கணக்கு.

கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு சிறு துறைமுகத்தில் பழைய மரத் தோணித்துறையைப் பிரித்தோம். ஒரு கட்டையைக் கிரேனில் கட்டி உருவினோம். தண்ணீருக்கு மேல் நின்ற பகுதி வெயிலிலும் மழையிலும் வெளுத்து, தலையில் அழுகியிருந்தது. அதற்குக் கீழே, ஏற்றவற்றம் படும் பகுதி, நடுவில் உடுக்கை மாதிரி இளைத்திருந்தது. மரத்தைத் தின்னும் கடற்பூச்சிகளின் வேலை அது. அதற்கும் கீழே சேற்றுக்குள் இருந்த பதினைந்தடியில் பட்டைகூட உரியவில்லை. ஒரே மரம், ஒரே நாளில் அடித்தது. ஒவ்வொரு மட்டத்திலும் அதன் கதி வேறாக இருந்தது.

அதனால் எந்த மரம் என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் மனையில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று கேளுங்கள். அதுவும் இன்றைக்கு நிற்கும் மட்டம் போதாது. மோசமான கோடையில் எவ்வளவு இறங்கும் என்று தெரியவேண்டும்.

வேலிக்கால் · மே 5

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். எங்கள் தோட்டமும் கடலோரம்தான். சவுக்குக்கால் நட்டு முள்கம்பி கட்டினால் இரண்டு மழைக்கு மேல் நிற்பதில்லை. தரைமட்டத்தில் சரியாக ஒடிகிறது. ஈரமண்ணில் மரம் நூற்றாண்டுக் கணக்கில் தாங்கும் என்றால் என் வேலி மட்டும் ஏன் விழுகிறது?

துறைமுகத்தார் · மே 5

நல்ல கேள்வி. பதிலையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள், "தரைமட்டத்தில் சரியாக ஒடிகிறது" என்று. அடுத்தமுறை ஒடிந்த காலின் அடித்துண்டைத் தோண்டி எடுத்துப் பாருங்கள். ஊற்று மட்டத்துக்குக் கீழே போன துண்டு ஏதாவது இருந்தால் அது திடமாக இருக்கும். தரையை ஒட்டிய ஓரடிதான் பூஞ்சணத்துக்குப் பந்தி போட்ட இடம். மழையில் நனையும், வெயிலில் பாதி காயும், காற்றும் தாராளமாகக் கிடைக்கும். முழுக்க நனைந்தே கிடக்கும் மரம் பிழைக்கும், முழுக்கக் காய்ந்தே இருக்கும் மரமும் பிழைக்கும். இரண்டுக்கும் நடுவில் மாறி மாறித் தவிக்கும் மரம்தான் சாகும். செங்கடல் கரையில் எகிப்தின் பெரனிகே துறைமுகத்தில் நம் நாட்டுத் தேக்கு இன்றும் கிடைக்கிறது. அது பாலைவன வறட்சியில் பிழைத்தது.

ஈரத்தில் பிழைத்ததற்கு வெனிஸ். அங்கே சான் மார்க்கோ மணிக்கூண்டு 1902 ஜூலை 14 அன்று அப்படியே சரிந்து விழுந்தது. மறுபடி கட்டுவதற்காக அடியைத் திறந்து பார்த்தார்கள். ஆயிரம் வருஷத்துப் பழைய மர முளைகள் திடமாக இருந்தன. அவற்றைப் பிடுங்கவில்லை. சுற்றிலும் புதிய முளைகளை அடித்து, பழையதையும் சேர்த்தே மேலே கட்டினார்கள். 1912இல் திறந்த கூண்டு இன்றும் நிற்கிறது.

ஓடாவி மகன் · மே 5

எங்கப்பா கடலூர் முதுநகர்ல படகு கட்டுற ஓடாவி. நானும் பதினஞ்சு வயசுலேர்ந்து வாய்ச்சி புடிச்சவன். ரெண்டு விஷயம் சொல்லணும்.

ஒண்ணு, மரத்துல வைரம் (உள்ள இறுகுன பாகம்) எவ்வளவு, வெளிறு (வெளிப்பக்கத்து மெத்துன பாகம்) எவ்வளவுன்னு பாக்கணும். எந்த மரமானாலும் வெளிறுதான் முதல்ல போவும். இப்ப விக்கிற சவுக்கு மூணு நாலு வருஷத்துல வெட்டுறது. அதுல வைரமே கிடையாது, முழுக்க வெளிறு. பழைய ஆளுங்க அடிச்ச முளை வைரம் பாய்ஞ்ச மரமா இருந்திருக்கும். ஐயா சொல்ற மாதிரி தண்ணி மட்டம் முக்கியம்தான். ஆனா மட்டம் கொஞ்சம் இறங்கிச்சுன்னா வைரமுள்ள மரம் சில வருஷம் தாக்குப்புடிக்கும், வெளிறு மரம் புடிக்காது.

ரெண்டாவது, கப்பல்புழு. புழுன்னு சொல்றோமே தவிர அது சிப்பி இனம். தலைப்பக்கம் சின்னதா ரெண்டு ஓடு இருக்கும், அதாலதான் மரத்தை அரைச்சுக்கிட்டே போவும். வெளியேர்ந்து பாத்தா குண்டூசி ஓட்டை. உள்ள பொளந்தா சுண்டுவிரல் நுழையுற குழல், சுவர்ல சுண்ணாம்பு பூசுன மாதிரி வெள்ளையா இருக்கும். அதுக்கு உப்புத்தண்ணி உரசிக்கிட்டே இருக்கணும். வால்பக்கத்துக் குழல நீட்டித்தான் மூச்சு இழுக்கும். அந்த வாயைச் சேறு மூடிச்சுன்னா செத்துரும். அதான் மழைக்காலத்துல வள்ளத்தை ஆத்துக்குள்ள நல்ல தண்ணியில கொண்டுபோய் விடுறது, கரையில ஏத்திக் காயப்போடுறது எல்லாம். சேத்துக்குள்ள பொதைஞ்ச மரத்துக்கு இந்தப் பயம் இல்ல. ஆத்துக்கரை அரிச்சு மரம் வெளிய தெரிஞ்சா பயம் உண்டு.

தம்பி, அந்த முளையோட மேல்நுனியில வெள்ளைக் குழல் ஏதாச்சும் தெரியுதா? பாத்து சொல்லுங்க. அதுல ஒரு விஷயம் இருக்கு.

ஈரமரம் · மே 6

தொல்பொருள் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். உப்பனாற்றங்கரை தம்பி, அந்த ஒரு கட்டைக்காக வருத்தப்படாதீர்கள். தெரியாமல் செய்தது. மற்ற மூன்றையும் விட்டுவைத்தீர்களே, அதுவே பெரிய காரியம்.

நடந்தது இதுதான். நீருக்கடியில் கிடந்த மரத்தில் செல்லுலோஸில் ஒரு பங்கை பாக்டீரியா ஏற்கெனவே தின்றிருக்கும். மிஞ்சிய மெல்லிய சுவர்கள் விழாமல் நிற்கக் காரணம் உள்ளே இருக்கும் தண்ணீர். அந்தத் தண்ணீர் ஆவியாகும்போது சுவர்களை உள்ளே இழுத்துக்கொண்டே வெளியேறுகிறது. நனைந்த காகிதப் பை காயும்போது ஒட்டிச் சுருங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். ஒருமுறை அப்படி மடிந்தால் திரும்ப நனைத்தாலும் விரியாது.

அழுகிய முட்டை நாற்றத்துக்கும் மஞ்சள் பொடிக்கும் காரணம் ஒன்றுதான். கடல்நீரில் சல்பேட் உண்டு. காற்றில்லாத சேற்றில் சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் அந்த சல்பேட்டை வைத்து உயிர்வாழ்கின்றன. அவை வெளிவிடுவது ஹைட்ரஜன் சல்பைடு. பக்கத்தில் இரும்பு இருந்தால் அதோடு சேர்ந்து இரும்பு சல்பைடாகி மரத்துக்குள் தங்கிவிடும். உங்கள் களி கருப்பாக இருப்பதும் அதனால்தான். சேற்றுக்குள் இருக்கும்வரை அது சும்மா கிடக்கும். காற்றுப்பட்டதும் கந்தக அமிலமாகி மரத்தைத் தின்ன ஆரம்பிக்கும்.

ஸ்வீடனின் வாசா கப்பல் 1628இல் முதல் பயணத்திலேயே மூழ்கியது. பால்டிக் கடலில் உப்பு குறைவு, கப்பல்புழு அங்கே பிழைக்காது. 333 வருஷம் கழித்து 1961இல் ஏறக்குறைய முழுசாகத் தூக்கினார்கள். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளின் கரைசலை 17 வருஷம் தெளித்துத் தண்ணீரின் இடத்தில் அதை ஏற்றினார்கள். அத்தனையும் செய்த பிறகு 2000ஆம் ஆண்டு கோடையின் ஈரப்பதத்தில் அதன் பலகைகளில் உங்கள் கட்டையில் பூத்த அதே வெள்ளை மஞ்சள் உப்பு பூத்தது. துருப்பிடித்த இரும்பு ஆணிகள் 5,000க்கும் மேல் கழற்றித் துருப்பிடிக்காத எஃகில் மாற்ற வேண்டிவந்தது. கடலுக்கடியில் பத்திரமாக இருந்த மரத்தைக் காற்றில் காப்பதுதான் பெரும்பாடு.

இப்போது செய்ய வேண்டியது: மூன்று முளைகளையும் இருக்கும் இடத்திலேயே அதே களியால் மூடுங்கள், மணலால் வேண்டாம். மூடுவதற்கு முன்னால் அளவுநாடா வைத்துப் படம் எடுங்கள். வெடித்த கட்டையிலிருந்து உடைந்த சில்லுகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். வட்டாட்சியர் வழியாகவோ நேரடியாகவோ தொல்லியல் துறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

உப்பனாற்றங்கரை · மே 6

அக்கா, ரொம்ப நன்றி. அப்படியென்றால் இது சோழர் காலத்ததாக இருக்குமோ? ஊரில் அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. கருப்பாக இருப்பதைப் பார்த்தால் ரொம்பப் பழசு மாதிரிதான் தெரிகிறது.

ஈரமரம் · மே 6

நிறத்தை வைத்து வயது சொல்லவே முடியாது தம்பி. மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் மண்ணிலுள்ள இரும்பும் சேர்ந்தால் கருப்பாகும். கடுக்காயும் இரும்பும் சேர்த்துப் பழைய காலத்தில் மை காய்ச்சியது அப்படித்தான். ஐம்பது வருஷத்துக் கட்டையும் கருப்பாக இருக்கலாம். கார்பன் கணிப்பு செய்யாமல் எதுவும் சொல்லக்கூடாது.

ஆனால் நம் கரையில் மிகப் பழைய மரம் பிழைத்த இடங்கள் உண்டு. பூம்புகார் பக்கம் கீழையூரில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை வந்தது. படகு கட்ட நட்ட மரக்கட்டைகளும் கூடவே கிடைத்தன. கார்பன் கணிப்பில் கி.மு. 3ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்தது. படகுகளைக் குதிரை கட்டுவதுபோல் கட்டினார்கள் என்று சங்கப் பாட்டு சொல்லும் அதே ஊர். பழைய துறைமுகமான முசிறி என்று பலர் கருதும், கேரளத்தின் பட்டணம் என்ற ஊரில் 2007இல் ஏறக்குறைய 6 மீட்டர் நீளத்துக்கு ஒற்றைமரத் தோணி கிடைத்தது. தோணி அயினி மரம், பக்கத்தில் நட்டிருந்த முளைகள் தேக்கு. இரண்டாயிரம் வருஷம் ஊற்றுநீருக்குள் கிடந்தவை.

இங்கிலாந்தில் நார்ஃபோக் கடற்கரையில் 1998இல் வெளிப்பட்ட மரவட்டத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 55 ஓக் கட்டைகள். வளர்ச்சி வளையங்களை எண்ணி, அவை கி.மு. 2049இல் வெட்டப்பட்டவை என்று கண்டுபிடித்தார்கள். வெட்டுத் தழும்புகளை ஒப்பிட்டுப் பார்த்து, ஐம்பது வெண்கலக் கோடரிகளாவது பயன்பட்டிருக்கும் என்று சொல்ல முடிந்தது. கோடரிகள் போய்விட்டன, அவற்றின் வாய் மரத்தில் மிஞ்சியிருக்கிறது. உங்கள் கட்டையிலுள்ள வாய்ச்சி வெட்டுகளைச் சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள் என்று சொல்வது அதனால்தான்.

கால்வாய்க்கரை · மே 7

நான் யாழ்ப்பாணம், ஆம்ஸ்டர்டாமில இருபது வருஷமா இருக்கிறன். இந்த இழையை ஒரே மூச்சில வாசிச்சு முடிச்சன். ஏனெண்டா எங்கட வீடே மரக்கட்டையிலதான் நிக்குது.

இஞ்சத்தைய பழைய நகரம் முழுக்க அப்படித்தான். மேல சதுப்பும் களியும், பன்னிரண்டு பதின்மூண்டு மீட்டருக்குக் கீழதான் உறுதியான மணல். அது மட்டும் கட்டையை இறக்கி அதுக்கு மேல சுவர். 1648இல கட்டத் தொடங்கின அரண்மனை 13,659 கட்டையில நிக்குது. எல்லாம் ஊசியிலை மரம், வைரம் பாய்ஞ்ச மரம் எண்டு சொல்ல ஏலாது. தண்ணிக்குக் கீழ இருந்தபடியா தாங்கிச்சுது.

எங்கட வீட்டுக் கதை வேற. குசினி நிலத்தில மகளின்ர கோலிக்குண்டு தானா ஒரு மூலைக்கு உருளத் தொடங்கினது. வீடு விக்கிறபோது எங்களுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. பிறகு ஆக்களைக் கூப்பிட்டுச் சுவரோரம் கிடங்கு வெட்டிப் பாத்தம். கட்டைத்தலை வெளியில வந்தது. வில்லு வைச்ச ஒரு கருவியால ஊசியை மரத்துக்குள்ள அடிச்சு, எவ்வளவு ஆழம் போகுது எண்டு அளக்கினம். நல்ல மரத்தில கொஞ்சம்தான் போகும். எங்கட ஒரு கட்டையில வெண்ணெய்க்குள்ள கத்தி போனமாதிரிப் போச்சுது. அந்தச் சத்தம்கூடக் கேக்கேல்ல. மனுசி கிடங்குக்குப் பக்கத்தில நிண்டு அழுதவ.

காரணம் என்னெண்டா, தெருவுக்குக் கீழ போற பழைய கழிவுநீர்க் குழாயில வெடிப்பு. அது நிலத்தடித் தண்ணியைச் சுத்திவர உறிஞ்சி இறக்கிப்போட்டுது. கட்டைத்தலை ஒரு சாண் வெளியில தெரிஞ்சிருக்கு. நூறு வருஷம் நிண்ட கட்டை, அந்த ஒரு சாணால போச்சுது.

தம்பிக்கு உதவக்கூடிய ஒண்டு சொல்லுறன். இஞ்ச போன நூற்றாண்டிலயே ஒரு முறை வந்திட்டுது. மரக்கட்டையைத் தண்ணி மட்டத்துக்கு நல்லாக் கீழ இறக்கிவிட்டு, அதுக்கு மேல கொங்கிறீட் துண்டு ஒண்டை வைச்சு நீட்டுறது. காத்துப்படுற பகுதி கொங்கிறீட், தண்ணிக்குள்ள மரம். கப்பல்புழுவைப் பற்றி ஓடாவி அண்ணை சொன்னது நூறுவீதம் சரி. 1731இல இந்த நாட்டு அணைக்கட்டுகளின்ர முகப்பு மரத்தையெல்லாம் அது திண்டு, பிறகு வெளிநாட்டிலயிருந்து கல்லு இறக்கித்தான் அணையை மூடினவை.

குமரி அயினி · மே 8

எங்க ஆச்சி வீட்டுக் கெணறு ஞாபகம் வந்துட்டு. பழைய கெணத்துக்கெல்லாம் அடியில நெல்லிக்கட்டைய வளையமாச் செதுக்கி இறக்கி, அதுக்கு மேலதான் செங்கல் வைப்பாவ. நெல்லி தண்ணிய இனிப்பாக்கும்னு சொல்லுவாவ. அது எப்படியோ, அந்த வளையம் மூணு தலைமுறை செங்கல்லத் தாங்கிட்டு நின்னது நெசம். ஒரு வறட்சியில தண்ணி வளையத்துக்குக் கீழ போயிட்டு. அடுத்தடுத்து ரெண்டு வருசம் அப்படியே. மூணாம் வருசம் மழை பெய்ஞ்சப்போ ஒரு பக்கத்துச் செங்கல் பொலபொலன்னு சரிஞ்சு விழுந்து. இறங்கிப் பாத்தா நெல்லிக்கட்டை கையில புட்டு மாதிரி உதிருது.

குட்டநாட்டுலயும் காயல் வரப்புக்குத் தென்னங்குற்றிய வரிசையா அடிச்சு, நடுவுல களியும் தழையும் போட்டு மிதிச்சுத்தான் கட்டியிருக்காவ. மேல்தலை அழுகும், மாத்துவாவ. சேத்துக்குள்ள போனதத் தொட மாட்டாவ.

வேலிக்கால் · மே 8

ஒடிந்த காலைத் தோண்டிப் பார்த்தேன். துறைமுகத்தார் ஐயா சொன்னது சரி. தாழ்வான மூலையில் ஊற்றுக்குள் இறங்கியிருந்த துண்டில் அரிவாள் போட்டால் ஒட்டவில்லை, கணீரென்று திரும்பியது.

ஆனால் என் சந்தேகம் தீரவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் கால்வாய்த் தண்ணீர் மட்டத்தை அரசாங்கம் காவல் காக்கிறது. அங்கேயே ஒரு குழாய் வெடிப்பில் வீடு சாய்கிறது. நம் கரையில் யார் காவல்? மீஞ்சூர்ப் பக்கம் ஆழ்துளைக் கிணறுகளில் இறைத்த இறைப்பில் நல்ல தண்ணீர் இறங்கி, கடல்நீர் உள்ளே ஏறி எத்தனை வருஷம் ஆயிற்று! 2019 கோடையில் சென்னையில் கிணறுகள் எப்படிக் கிடந்தன என்று பார்த்தோம். மரம் தாங்கும், சரி. பக்கத்து மனைக்காரர் நாளை போர் போட்டு மோட்டாரை ஓட்டமாட்டார் என்று இந்தத் தம்பிக்கு யார் எழுதிக் கொடுப்பார்கள்?

துறைமுகத்தார் · மே 8

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். பாஸ்டன் நகரில் கடலைத் தூர்த்த நிலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் மர முளைமேல் நிற்கின்றன. அங்குள்ள டிரினிட்டி தேவாலயம் மட்டும் சுமார் 4,500 முளைகளில் நிற்கிறது. சுரங்கப் பாதையும் கழிவுநீர்க் குழாயும் தண்ணீரை இறக்கியதால் பல வீடுகளில் முளைத்தலை அழுகியது. கடைசியில் 1986இல் நிலத்தடி நீரை அளப்பதற்கென்றே ஓர் அறக்கட்டளை வைத்து, தெருத்தெருவாக அளவுக் கிணறு போட்டார்கள். நம்மிடம் அது இல்லை.

அதனால் தம்பி, முடிவெடுக்குமுன் மூன்று காரியம் செய்யுங்கள். சுற்றியுள்ள பழைய கிணறுகளில் தண்ணீர் நிற்கும் ஆழத்தை இந்த மாதம் முழுக்க வாரம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். ஊரிலுள்ள பெரியவர்களிடம் மிக மோசமான கோடையில் எதுவரை இறங்கியது என்று கேளுங்கள், கிணற்றுச் சுவரில் அடையாளம் இருக்கும். மூன்றாவது முக்கியம். களி போட்டு மூடுமுன் அந்த மூன்று முளைகளின் மேல்நுனியையும் ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே மட்டமா, மேலும் கீழுமா?

உப்பனாற்றங்கரை · மே 11

ஐயா, நேற்று நானும் தம்பியும் குழியை மறுபடி இறைத்து ட்யூப் லெவல் பிடித்தோம். மூன்று நுனிகளும் ஒரே மட்டம். அதிகபட்ச வித்தியாசம் ஓர் அங்குலம். தரையிலிருந்து எட்டடி ஓரங்குலம்.

ஓடாவி மகன் அண்ணா, நுனியை டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளைக் குழல் எதுவும் இல்லை. ஓட்டையே இல்லை. மேல் நான்கு விரற்கடை மட்டும் நகத்தால் கிள்ளினால் வருகிறது. அதற்குக் கீழே கத்தி இறங்கவில்லை.

எங்கள் கிணற்றில் இப்போது தண்ணீர் 4 அடி 7 அங்குலத்தில் நிற்கிறது. அப்பா ஒரு கல்லைக் காட்டினார். 2017 வறட்சியில் அதுவரை இறங்கியதாம். அளந்தேன், 7 அடி 2 அங்குலம்.

ஓடாவி மகன் · மே 11

குழல் இல்லைன்னா அது புழு தின்ன மட்டம் இல்ல. ஆறு அங்க ஓடி, சேத்துக்கு மேல நீட்டிக்கிட்டு நின்ன மரமா இருந்தா, நுனியில குழல் இருந்தே தீரும்.

ஈரமரம் · மே 11

சுண்ணாம்பு அமிலத்தில் கரைந்திருக்கலாம் என்று யாராவது சொல்லக்கூடும். கரைந்தாலும் துளை மறையாது. துளையே இல்லை என்றால் ஓடாவி அண்ணா சொல்வதுதான் சரி. நுனியில் நடந்தது பூஞ்சண அழுகல்.

துறைமுகத்தார் · மே 11

அப்படியானால் தம்பி, அந்த முளைகள் உங்களுக்கு ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கின்றன. அவற்றை அடித்தவர்கள் எட்டடிக்குக் கீழே அடித்து நிறுத்தியிருக்க மாட்டார்கள், மேலேயும் நீட்டியிருப்பார்கள். மேலே இருந்ததெல்லாம் மக்கிப்போய், எட்டடியில் ஒரே மட்டமாக நின்றுவிட்டது. அவை நின்ற காலம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் உங்கள் மண்ணில் தண்ணீர் இறங்கி அங்கேயே தங்கிய மிகத் தாழ்ந்த கோடு அதுதான். உங்கள் அப்பா பார்த்த வறட்சி 7 அடி 2 அங்குலம். மரம் பார்த்த வறட்சி அதைவிடப் பெரியது.

மரமுளைதான் வேண்டுமென்றால் தலையை எட்டடிக்கும் கீழே, பத்தடியில் அறுக்க வேண்டும். அதன்மேல் கான்கிரீட் தொப்பி. ஊறும் களியில் பத்தடி பள்ளம் எடுத்து, பக்கம் சரியாமல் பலகை அடைத்து, இரவு பகல் இறைத்துக்கொண்டு வேலை செய்ய ஆகும் செலவில், மரத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். மேஸ்திரி சொன்னபடி மூன்றடியில் தலையை விட்டால், வேலிக்கால் நண்பரின் வேலிக்கு நடந்தது உங்கள் வீட்டுக்கும் நடக்கும். ஒருதளம்தானே? மண் பரிசோதனை செய்து ராஃப்ட் அஸ்திவாரம், அதாவது வீட்டடி முழுக்க ஒரே கான்கிரீட் பலகை, போடமுடியுமா என்று பாருங்கள். உப்பு மண், கம்பியை மூடி 75 மி.மீ. கான்கிரீட் (கவர்) விடச் சொல்லுங்கள், இரும்பாலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்ட் கேளுங்கள்.

உப்பனாற்றங்கரை · ஜூன் 2

மண் பரிசோதனை முடிந்தது. ராஃப்ட் போதும் என்று பொறியாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். சவுக்கு வாங்கவில்லை. செப்டிக் டேங்கைப் பத்தடி மேற்கே தள்ளிவிட்டோம்.

மூன்று முளைகளையும் அதே களியால் மூடிவிட்டேன். மேலே தெரிவதற்காக நான்கு மூலைக்கும் கருங்கல் ஊன்றியிருக்கிறேன். தொல்லியல் துறைக்குப் படங்களோடு கடிதம் போயிருக்கிறது, வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வெடித்த கட்டையின் கூர்நுனியில் ஒரு பக்கம் மட்டும் வெட்டுகள் தெளிவாக மிஞ்சியிருக்கின்றன. ஈரமரம் அக்கா சொன்னபடி சாய்வெளிச்சத்தில் படம் எடுத்தேன். ஒவ்வொரு வெட்டிலும் ஒரே இடத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது. வாய்ச்சியின் வாயில் சின்னதாக ஒரு பல் விழுந்திருக்க வேண்டும். படத்தைக் கீழே இணைத்திருக்கிறேன்.

கிணற்றில் இன்று காலை 5 அடி 1 அங்குலம்.